முன் வண்டிக்கு எவ்வளவு தூரம் விடுவது?

சரக்கு எடுக்கத் திருத்தணி, சோளிங்கர், நகரி என்று பள்ளிப்பட்டு வியாபாரிகள் அடிக்கடி போய் வருகிறோம். கடை திறக்கும் நேரத்திற்குள் திரும்பும் அவசரத்தில், முன்னே போகும் வண்டியை ஒட்டியே ஓட்டுகிறோம். இதில் லாபம் சில விநாடி. நஷ்டம் எவ்வளவு என்பதற்கு ஒரு வழக்கு.

2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் கல்லூரி மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றார். முன்னே சென்ற கார் திடீரென்று நின்றது. அதன்மீது மோதி விழுந்தவர் காலில் பின்னால் வந்த பஸ் ஏறியது. காலை எடுக்க நேர்ந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சைகை காட்டாமல் நெடுஞ்சாலையில் நிறுத்திய கார்மீது 50 சதவீதம், பஸ்மீது 30 சதவீதம் பொறுப்பு. போதிய இடைவெளி விடாததற்கும், முறையான லைசென்ஸ் இல்லாததற்கும் மாணவர்மீது 20 சதவீதம். கணக்கிட்ட இழப்பீடு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாயில் ஏறக்குறைய 23 லட்சம் கழிந்து போயிற்று. பெரும் தவறு பிறருடையது; கால் போனது அவருக்கு.

இப்போது நம் கணக்கு. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கிற்குப் போகவே ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி ஓடித்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால் அந்த ஓட்டம் நான்கு மடங்காகும்.

இடைவெளியை அளக்க எளிய வழி: முன் வண்டி ஒரு புளியமரத்தையோ மைல் கல்லையோ தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்த இடத்தை அடைந்தால், நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு விநாடி, காய்ந்த சாலைக்கு. மழையில் நான்கு.

2. அரிசி, எண்ணெய் ஏற்றிய டெம்போவிற்கு இன்னும் கூடுதலாக விடவும்.

3. இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர், மாட்டு வண்டி எதிர்பாராமல் குறுக்கிடும். ஆடிக் கிருத்திகைக் காலத்தில் காவடி எடுத்து நடப்போர் உண்டு. அங்கே வேகத்தையே குறைக்க வேண்டும்.

4. இடையில் வேறு வண்டி புகுந்தால் கோபம் வேண்டாம். மீண்டும் பின்தங்கிக் கொள்ளுங்கள்.

5. கடை ஆள் ஓட்டினாலும் வண்டி உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளனவா என்று பார்த்துச் சாவியைக் கொடுங்கள்.

தராசில் ஒரு கிராம் குறையாமல் நிறுக்கும் நாம், சாலையில் இரண்டு விநாடியைக் குறைக்கலாமா? கடை பத்து நிமிடம் தாமதமாகத் திறந்தால் வாடிக்கையாளர் காத்திருப்பார்.