சோலைமந்தியைத் தேடி ஒரு காலை நடை

வால்பாறையில் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கைப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. புதுத்தோட்டம் பக்கம் போனால் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். வண்டியில் அடிபடாமல் அவை கடப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களும் தலைக்கு மேலே தெரியும். ஆனால் இயல்பில் சோலைமந்தி மரத்தை விட்டு இறங்க விரும்பாத பிராணி. அதை அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும்.

முதல் வேலை அனுமதி. ஆனைமலை புலிகள் காப்பகத்தில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இன்னும் இறுகிவிட்டன. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் டாப்ஸ்லிப், மானாம்பள்ளிப் பாதைகளைத் தேடி முன்பதிவு செய்யுங்கள். வழிகாட்டி கூடவே வருவார். கோடையில் தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆடி மழையில் போனால் மேகத்தையும் அட்டையையும்தான் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரிதான் என் தேர்வு.

எடுத்துப்போக வேண்டியவை: மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, அட்டை ஏறாத நீளக் காலுறை, 8x42 பைனாகுலர், தண்ணீர். தின்பண்டம் எடுத்துப்போனால் பைக்குள் மூடியே இருக்கட்டும். சிப்ஸ் பாக்கெட் சரசரத்தாலே காடு உஷாராகிவிடும்.

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். குரங்குகள் மும்முரமாக மேய்வது காலையில்தான். உச்சிவெயிலில் இலைமறைவில் ஓய்வெடுக்கும். நடக்கும்போது கண்ணைவிடக் காதை நம்புங்கள். பள்ளத்தாக்கே அதிர 'ஹூம், ஹூம்' என்று கேட்டால் அது கருமந்தி என்ற இன்னொரு குரங்கு. சோலைமந்தி அந்த அளவுக்கு ஊரைக் கூட்டாது. காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடுவதும், மேலிருந்து காய்ந்த இலை தொடர்ந்து உதிர்வதும்தான் அது இருக்கும் அடையாளம். சுருண்ட சருகையும் பட்டையையும் பிரித்துப் பிரித்துப் பூச்சி தேடும் பழக்கம் அதற்கு.

தரையையும் பாருங்கள். வெடிபலா என்றொரு மரம், டுரியன் குடும்பம். அதன் முள்காய் சோலைமந்திக்கு உயிர். பிய்த்துப்போட்ட முள்தோல் கிடந்தால் குனிந்து தொட்டுப் பாருங்கள். உட்புறம் கருத்துக் காய்ந்திருந்தால் கூட்டம் போய் நாளாகிவிட்டது. ஈரமாக, பல்தடம் வெளிறித் தெரிந்தால் மேலே நடப்பதை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான். இன்னும் கொஞ்சம் போனால் கிடைக்கும் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கீழிருந்து பார்த்தால் கருமந்தி, சோலைமந்தி இரண்டுமே கருப்பாகத்தான் தெரியும். வாலைக் கவனியுங்கள். நீண்டு கயிறுபோலத் தொங்கினால் கருமந்தி. தலைமுடி பழுப்பாக இருக்கும். வால் குட்டையாக, நுனியில் குஞ்சத்தோடு இருந்து, முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரி தெரிந்தால் நீங்கள் தேடி வந்த ஆள் அதுதான். கருமந்தி உங்களைக் கண்டதும் தாவி ஓடினால் வருத்தப்படாதீர்கள். லேகியத்துக்காக ஒரு காலத்தில் அதை வேட்டையாடித் தீர்த்த இனம் நாம்.

கூட்டம் தெரிந்ததும் கை நீட்டாதீர்கள், சீட்டியடிக்காதீர்கள். கண்ணுக்குக் கண் முறைப்பது குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு. தூரத்திலேயே நின்று பைனாகுலரில் பாருங்கள். உணவு போடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, ஒருமுறை பிஸ்கட் ருசி கண்ட கூட்டம் மறுபடி சாலைக்குத்தான் வரும்.

இவ்வளவு நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு: இது யானைக்காடு. ஆவி பறக்கும் பிண்டத்தைக் காட்டி வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். கட்டிய பணத்துக்கு இன்னும் தூரம் பாக்கியிருக்கிறதே என்ற கணக்கைச் சோதனைச்சாவடிக்கு வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.