கண்ணுக்குத் தெரியாக் கூர்மை

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் 19ஆம் நூற்றாண்டில் மர்காஷிஸ் அடிகளார் தொழிற்பள்ளி நிறுவினார். அங்குத் தச்சுவேலை கற்றோர்க்கு உளியின் கூர்மை கண்ணுக்குத் தெரிந்தது. லேசர் வெட்டுக்கருவியின் கூர்மையோ தெரியாது. 1964இல் பெல் ஆய்வகத்தில், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர், அகச்சிவப்புக் கதிரை உமிழ்வது. கண் கூசாமையால் இமை மூடாது, கருவிழி சுடப்படும். உலோகம் வெட்டும் இழை லேசரோ விழித்திரையையே தாக்கும்.

ஆகவே, வாங்குவோர் விலைக்கு முன் நான்கினை ஆராய்தல் வேண்டும். மூடியைத் திறந்ததும் கதிரை நிறுத்தும் அமைப்பு உள்ளதா? காப்புக் கண்ணாடி அக்கதிரின் அலைநீளத்திற்கு உரியதா? புகையை வெளியேற்ற வழியுண்டா? அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டுகிறதா? பி.வி.சி. நெகிழியை வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும். எனவே, அதனை வெட்டவே கூடாது.

விற்பவர் சொல்லை மட்டும் நம்பாது, இயக்கச் செய்து பார்த்து வாங்குதலே அறிவுடைமை. கருவி பழுதுற்றால் சீராக்கலாம். இழந்த பார்வையை மீட்டல் அரிது.