பல கல்லூரிகளில் சீட் கிடைத்தால் எதைப் பிடிப்பது?

கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்து கையில் காசு புழங்குவது தை, மாசியில். கல்லூரி பணம் கேட்பதோ ஆனி, ஆடியில். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு மூன்று இடங்களில் சீட் கிடைத்தும் முடிவு இழுபடுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். ஆகவே முதல் வேலை நோட்டு எடுப்பது.

கல்லூரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிப்பு முடியும்வரை கல்விக் கட்டணம், பஸ் அல்லது விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். முதல் வருஷத் தொகையை மட்டும் பார்த்துச் சேர்த்தால் மூன்றாம் வருஷம் நகை அடகுக்குப் போகும். நல்லாட்டின்புதூர் நேஷனல் பொறியியல் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வருவதும் கோயம்புத்தூரில் விடுதியில் தங்குவதும் ஒரே செலவல்ல.

பிறகு சலுகைகளைக் கழியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை, பெண்ணானாலும், தூரம் என்று பயந்து நல்ல கல்லூரியை விடவே கூடாது. இந்த ஒதுக்கீடும் முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். தெரிந்தவர் சொன்னார் என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டினால் இரண்டும் போச்சு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, துறையை விசாரியுங்கள். நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. நீங்கள் சேரும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைநாளில் போய், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மூன்றாம் வருஷ மாணவர்களிடம் பேசுங்கள்: “லேப்ல நீங்களே செஞ்சு பாக்கீங்களா? பாதியில போன வாத்தியார் எத்தனை பேர்? போன வருஷம் உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம்?” விளம்பரத் தட்டி இதைச் சொல்லாது.

பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் வரிசை முக்கியம். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் திரும்ப வராது. உண்மையில் போக விரும்பாத கல்லூரியை மேலே வைக்காதீர்கள்.

சேரும்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். அவற்றைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. டிசி மட்டும் அங்கே போய்விடும். நாலைந்து நகல் முன்பே எடுத்து வையுங்கள்.