வெயிலைக் கேட்டு வீடு கட்டுவோம்

புது வீடு கட்டும்போது பெரியவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? சாலை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, செலவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில் வரும் என்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வீட்டில் நாம் வாழும் காலமெல்லாம் வெயிலும் நம்மோடு குடியிருக்கும்.

ஓசூரை அடுத்த கெலமங்கலத்தில் ஒரு குடும்பம் 30 அடிக்கு 40 அடி மனையில் வீடு கட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்டு வாரங்களில் அவர் பகலில்தான் தூங்க வேண்டும். பாட்டிக்கோ மார்கழிக் குளிர் ஆகாது. காலை வெயில் வேண்டும். மின்சாரச் செலவில்லாமல் ஒரே வீட்டில் இருவருக்கும் வசதி செய்ய முடியுமா? கதிரவனின் பாதையை அறிந்தால் முடியும்.

நண்பகலில் சூரியன் எங்கே?

கெலமங்கலம் வட அட்சரேகை சுமார் 12.6 பாகையில் உள்ளது. சூரியன் மார்ச் 21 வாக்கில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேயும், ஜூன் 21 வாக்கில் 23.4 பாகை வடக்கேயும், டிசம்பர் 22 வாக்கில் அதே அளவு தெற்கேயும் இருக்கிறது. இதைக்கொண்டு நண்பகலில் சூரியனின் உயரத்தை நீங்களே கணக்கிடலாம்.

டிசம்பர் 22: 90 − (12.6 + 23.4) = 54 பாகை, தென் வானில்.
மார்ச் 21: 90 − 12.6 = 77.4 பாகை, தென் வானில்.
ஜூன் 21: 90 − (23.4 − 12.6) = 79.2 பாகை, வட வானில்!

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகவே கோடையில் மிகுந்த வெயிலை வாங்குவது கூரை. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் சுடும். தெற்குச் சுவரில் வெயில் நன்றாக விழுவது குளிர்காலத்தில்தான். பாட்டியின் அறைக்கு ஏற்ற பக்கம் தெற்கு என்பது புரிகிறதல்லவா?

ஒரு அடி சன்ஷேடின் வேலை

தெற்கு ஜன்னலின் உயரம் 120 செ.மீ. என்று கொள்வோம். அதன் மேல் விளிம்பில் 30 செ.மீ., அதாவது ஒரு அடி, நீட்டிய சன்ஷேடு இருக்கிறது. சன்ஷேடின் அகலத்தை, சூரிய உயரத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால், நண்பகலில் நிழல் எவ்வளவு கீழே இறங்கும் என்று தெரியும்.

மார்ச் 21-இல் 30 × 4.47 = 134 செ.மீ. ஜன்னல் முழுவதும் நிழல். டிசம்பர் 22-இல் 30 × 1.38 = 41 செ.மீ. மீதி 79 செ.மீ. வழியே வெயில் அறைக்குள் வரும். கதவோ திரையோ அசையாமலே, வேண்டாத வெயில் தடுக்கப்படுகிறது. வேண்டிய வெயில் உள்ளே வருகிறது. பாட்டிக்கு வழி பிறந்துவிட்டது!

மேற்கில் இந்த வித்தை பலிக்காது. மார்ச் மாதத்தில் மாலை 4.30 மணிக்குச் சூரியன் 30 பாகைக்கும் தாழ்ந்துவிடும். அதே ஜன்னலை முழுவதும் மறைக்க அங்கே 7 அடி நீளச் சன்ஷேடு தேவை! ஆகவே மேற்கில் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை வைத்துவிடலாம். வெயிலின் சூட்டை அவை தாங்கிக்கொள்ளும்.

அப்பாவின் பகல் தூக்கம்

9 அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வர ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகிறது. மாலை 4 மணிக்குச் சுட்ட மேற்குச் சுவர் இரவு பத்து, பன்னிரண்டு மணிக்கு அறையைச் சூடாக்குவது இதனால்தான். இதே தாமதத்தை நமக்கு உதவியாகவும் திருப்பலாம். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது; கோடையிலும் பின்னிரவில் காற்று குளிர்ந்துவிடும். இரவில் ஜன்னல்களைத் திறந்து சுவர்களைக் குளிரவிட்டு, காலை 8 மணிக்குச் சாத்திவிட்டால், அந்தக் குளிர்ச்சி பகலில் நெடுநேரம் நிற்கும். அப்பாவின் அறை வடக்கே இருக்கட்டும். ஜூன் மாதச் சூரியன் வடக்கே சாய்வதால், அந்த ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு வைப்போம்.

கூரை மிச்சம் இருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை உறிஞ்சும். அதற்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தளத்துக்கு மேல் காற்று இடைவெளி விட்டு இன்னொரு கூரை அமைத்தால் இன்னும் நல்லது.

இவை ஏட்டளவில் நிற்கும் யோசனைகள் அல்ல. ஏறத்தாழ இதே அட்சரேகையில் உள்ள புதுச்சேரியில், அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்த ‘கோல்கொண்டா’ விடுதியின் வேலை 1930-களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதன் நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பி மூடக்கூடிய பலகைகள் வரிசையாக உள்ளன. காற்று வரும், வெயில் வராது. தட்டையான தளத்தின் மேல் இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள் வேய்ந்திருக்கிறார்கள்.

நம் 40 அடி மனையின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால்? மனையைத் திருப்ப முடியாது; அறைகளை இடம் மாற்றலாம்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். கெலமங்கலத்தில் கடிகாரம் 12 அடிக்கும்போது உண்மையான நண்பகல் ஆகாது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. கெலமங்கலம் அதற்கு மேற்கே இருப்பதால், டிசம்பர் 22-இல் சுமார் 12.17-க்குத்தான் நிழல் மிகக் குட்டையாகும். அப்போது அதன் நீளம் 73 செ.மீ. அளவில், வடக்கு நோக்கி இருக்கும். ஜூன் 21-இல் 19 செ.மீ. அளவில், தெற்கு நோக்கி விழும். உங்கள் ஊரில் அளந்து குறித்துவையுங்கள்.

வீடு காகிதத்தில் இருக்கும்வரை அறையை மாற்ற ஒரு ரப்பர் போதும். கான்கிரீட் இறுகிய பின் முடியாது. உங்கள் வீட்டில் கட்டடப் பேச்சு எழும் நாளில், அந்த நிழல் கணக்கோடு பெரியவர்களின் அருகே போய் உட்காருங்கள்.