நிற்கும் வண்டிக்கு நிழலும் மின்சாரமும்

திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் காலைப் பொழுதில் காணும் காட்சி நாம் யாவரும் அறிந்ததே. அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் இருசக்கர வண்டிகளில் பனியன் கம்பெனிகளுக்குச் செல்கின்றனர். காலையில் நிறுத்திய வண்டி மாலை வரையில் வெயிலிலேயே நிற்கின்றது. இவ்வண்டிகளுள் மின்சார ஸ்கூட்டர்களும் இப்பொழுது சேர்ந்து வருகின்றன. இவற்றுக்குச் சூரிய சக்தியால் மின்னேற்றும் நிலையமொன்றைப் பஞ்சாயத்தே அமைக்கலாமா? அமைத்தால் முதலீடு வீணாகாமல் இருக்க வழி யாது? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பஞ்சாயத்து மின்சாரத் துறையில் இறங்குவது புதுமையன்று. கோவை மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. செலவு ரூ.1 கோடியே 55 லட்சம். ஒரு பகுதி பஞ்சாயத்தின் சேமிப்பு. எஞ்சியது பாங்கிக் கடன். அக்காற்றாலையை அவர்கள் தம் ஊரில் நிறுவவில்லை. காற்று வளம் மிக்க உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் நிறுவினர். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: எங்கே அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

அவ்விதியைச் சூரிய நிலையத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைப்பது. ஆதலின் பகலில் வண்டி நிற்கும் இடமே நிலையத்துக்கு உரிய இடமாகும். பகலில் வண்டிகள் வந்து தங்காத நெடுஞ்சாலை ஓரத்தில் அழகிய நிலையம் கட்டினாலும் பலன் குறைவே. சிறு கம்பெனிகள் பல சேர்ந்திருந்து, வண்டி நிறுத்தக் கொட்டகை இல்லாத இடத்தின் அருகே பஞ்சாயத்து நிலம் இருப்பின், அதுவே ஏற்றது.

கணக்கு வருமாறு. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நம் மாநிலத்தில் அவை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 1,000 சதுர அடிக் கொட்டகையின் கூரையாக 10 கிலோவாட் தகடுகளைப் பொருத்தினால் 40 யூனிட் கிடைக்கும். அக்கொட்டகையின் கீழ் நடைவழி போக ஏறத்தாழ நாற்பது வண்டிகள் நிற்கலாம். போக வர 20 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு முக்கால் யூனிட் அளவே தேவை. நாற்பதுக்கும் 30 யூனிட். எஞ்சியது தூசிக்கும் மேகமூட்டத்துக்கும் ஈடாகும். நிழல் தரும் கூரையே அதன் கீழ் நிற்கும் வண்டிகளை ஓட்டுவிக்கும் என்பது இதனால் விளங்கும்.

எனினும், இன்று ஐந்தாறு மின்வண்டிகளே வரும் இடத்தில் நாற்பதுக்கு நிலையம் கட்டுவது பொதுப் பணத்தை முடக்குவதாகும். ஆகவே முதலில் ஒரு வாரம் வண்டிகளை எண்ணுக. 2 கிலோவாட்டில் தொடங்கி, பின்னர் நீட்டத்தக்கவாறு கொட்டகையை அமைக்கலாம்.

வண்டிகளுக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. ஆயினும் கம்பித் தொடருடன் இணைக்க மின் பகிர்மானக் கழகத்தின் அனுமதி அவசியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மிகும் மின்சாரம் எக்கணக்கில் சேரும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் நலம்.

மற்றும் நான்கு எச்சரிக்கைகள்:

1. பாட்டரி இன்றிக் கம்பித் தொடருடன் மட்டும் இணைந்த நிலையம், கம்பியில் மின்சாரம் நின்றால், வெயில் காய்ந்தாலும் நின்றுவிடும். பழுது பார்ப்போரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

2. தகடுகளில் பஞ்சுத் தூசி படியும். அதிகாலையில் நன்னீரால் கழுவுக. உப்பு நீர் கறையை உண்டாக்கும்.

3. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் நில இணைப்பும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும்.

4. விவசாயப் பம்புக்குரிய இலவச மின்சாரத்தில் வண்டிக்கு மின்னேற்றுதல் விதிக்குப் புறம்பானது. உழவர் பெருமக்கள் இதனை நினைவிற் கொள்க.

நிலையம் திறப்பது ஒரு நாள் வேலை. அதனைப் பேணுவது ஆண்டுக் கணக்கான வேலை. தகடுகள் சுமார் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரும். எனவே வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கெனத் தனியே சேமித்தல் வேண்டும்.

அடுத்த கிராம சபையில் அங்கத்தினர்கள் மூன்று வினாக்களை எழுப்புவார்களாக: பகலில் வண்டிகள் எங்கே நிற்கின்றன? அவற்றுள் மின்வண்டி எத்தனை? நிலையத்தை நாள்தோறும் பார்ப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே விலைப்புள்ளி கேட்கலாம். விடை கிடைக்காத ஊர் சற்றுப் பொறுத்திருப்பதே ஊர்ப் பணத்துக்குப் பாதுகாப்பு.