இரவில் விழித்திருக்கும் கருவி

இன்சுலின் செலுத்திக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி சொல்லும் அச்சம் ஒன்று உண்டு: இரவு. உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் குழந்தைக்கும் தெரியாது, அருகில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. அதனால் பலர் நள்ளிரவில் எழுந்து குழந்தையின் விரலில் குத்திப் பார்க்கின்றனர். இந்தக் கவலையைக் குறைக்கவல்ல புதிய கருவி ஒன்றைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம்.

கடந்து வந்த பாதை

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. மருந்து கிடைத்தது, ஆனால் அளவறிந்து செலுத்த, வீட்டில் நெடுங்காலம் சரியான வழி இல்லை. நீலநிறப் பெனடிக்ட் கரைசலில் சிறுநீர்த் துளிகளை விட்டுக் காய்ச்சி, அது பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தனர். தாழ்சர்க்கரையை அச்சோதனை காட்டவே காட்டாது. பின்னர் வந்த குளூக்கோமீட்டர் அந்த நேரத்து அளவைச் சொல்கிறது; அடுத்த முறை குத்தும் வரை நடப்பதை அது அறியாது.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

மேற்கையில் ஒட்டப்படும் சிறு வில்லையிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் செல்கிறது. அங்குள்ள நீர்மத்திலிருக்கும் சர்க்கரை, இழையில் பூசிய நொதியுடன் வினைபுரிந்து நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதுவே எண்ணாக மாறிச் செல்பேசியில் தெரிகிறது. சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அம்புக்குறி காட்டும். எச்சரிக்கை வசதியுள்ள கருவிகள், அளவு தாழ்ந்தால் ஒலியெழுப்பும்.

இதன் அடுத்த படியாக, இந்த அளவைப் பார்த்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்பு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் உணவு வேளைக்குரிய இன்சுலினுக்கு, உண்ணும் மாவுச்சத்தின் அளவை நோயாளியே அதற்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றின் விலை பல குடும்பங்களுக்கு இன்னும் பெருஞ்சுமையே. வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். முறையாகப் பயன்படுத்தினால் குளூக்கோமீட்டரும் நல்ல துணையே.

கருவி பிழைபடும் இடங்கள்

வில்லை அளப்பது இரத்தத்தை அன்று. திசுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தை. ஆகவே சர்க்கரை விரைந்து மாறும்போது அது சில நிமிடங்கள் பின்தங்கும். வில்லை உள்ள கையை அழுத்திப் படுத்தால், அளவு தாழாதபோதும் தாழ்ந்ததாகக் காட்டக்கூடும். சில கருவிகளில் மிகுதியான வைட்டமின் சி மாத்திரையும் அளவைப் பிறழச் செய்யும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் இருந்தும் கருவி இயல்பான எண்ணைக் காட்டினால் உடலையே நம்புங்கள். உடனே விரலில் குத்திப் பாருங்கள். பார்க்க வழியில்லையெனில் தாழ்சர்க்கரை என்றே கொள்ளுங்கள்.

• அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால், பெரியவர்கள் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

• நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் தராதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

• எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் வில்லை ஒட்டியிருப்பதைத் தெரிவியுங்கள்.

• எண்களை மட்டும் பார்த்து, மருத்துவரைக் கேளாமல் இன்சுலின் முறையை மாற்றாதீர்கள்.

வருங்காலத்தில் இத்தகைய கருவிகள் இன்னும் சிறியனவாகவும் நுட்பமானவையாகவும் ஆகும் என எதிர்பார்க்கிறோம். நமக்காக அவை விழித்திருக்கும். ஆனால் ஒலி கேட்டு எழுந்து, சர்க்கரை நீருடன் குழந்தையின் அருகே செல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார், சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதை இன்றிரவே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.