அண்மையில் பார்த்தவற்றில் பிடித்தது எது?

கேள்வி: சமீபத்தில் நீங்கள் பார்த்த படம், தொடர்களில் மனதில் நின்றவை எவை?

பதில்: ‘மெய்யழகன்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். தன்மீது உயிரையே வைத்திருக்கும் உறவினனின் பெயர் தெரியாமல் அரவிந்த்சாமி ஓர் இரவு முழுக்கத் தவிக்கிறாரே, அந்தத் தவிப்பை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தமிழ்ப்படம் எனக்கு நினைவில்லை. வெளியான சில நாளிலேயே 18 நிமிடங்களை வெட்டினார்கள். நீளம்தான் அதன் அழகு. வெட்டியதில் எனக்கு வருத்தமே.

தொடரில், 2023இல் வந்த ‘அயலி’. 1990களின் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வயதுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும் என்பதால், வந்ததையே மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள் தமிழ்ச்செல்வி. சில இடங்களில் வசனம் பிரசாரமாகிறது. ஆனாலும் அம்மாவாக வரும் அனுமோலின் நடிப்புக்காகவே பாருங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.